ஆடையில்லாத உடலுக்கு எந்தச் சட்டம் நியாயமானது?

ஸ்டீபன் கஃப் பிரிட்டனைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர். 2003-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டில் புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடகோடியான ஜான் ஓ குரோட்ஸ் வரை நடந்தார். காலில் பூட்ஸ், முதுகில் பை, தலையில் தொப்பி. உடம்பில் வேறு எதுவும் இல்லை. வழியில் பலமுறை கைதானார். ஆனாலும் 2004 தொடக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிந்தைய வருடங்கள்தான் கொடுமை. ஸ்காட்லாந்தில் தண்டனை முடிந்து சிறையிலிருந்து ஆடையில்லாமல் வெளியே வருவார், உடனே மறுபடி கைது செய்வார்கள். மறுபடி வழக்கு, மறுபடி சிறை. கூட்டிப் பார்த்தால் ஏழு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்திருக்கிறார். அவர் யாரையும் தொடவில்லை, யாரையும் மிரட்டவில்லை.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2014 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆடையில்லாமல் பொதுவெளியில் நடப்பது கருத்தைச் சொல்லும் ஒரு வழிதான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, உரிமை மீறல் இல்லை என்று முடித்தார்கள். சாதாரணமாகச் சின்னக் குற்றமாகக் கருதப்படும் ஒன்றுக்காக ஒருவர் இவ்வளவு காலம் சிறையில் இருந்தது சங்கடமான விஷயம் என்பதையும் அதே தீர்ப்பில் பதிவு செய்தார்கள்.

கஃப் செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்திலும், எவர் முன்னாலும், நீதிமன்றத்திலும்கூட ஆடை உடுத்த மாட்டேன் என்ற அவருடைய பிடிவாதத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் ஒரு மனிதனின் வெற்றுடம்புக்கு ஏழு வருடச் சிறை என்று ஒரு சட்டம் முடிகிறதென்றால், அந்தச் சட்டம் எங்கோ தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்டால் சரியாக வரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். உலகம் இதுவரை முயன்று பார்த்தவை நான்கு வழிகள்: முழுக்கத் தடை செய்வது, இடம் ஒதுக்கிக் கொடுப்பது, செய்தவரின் நோக்கத்தைப் பார்ப்பது, சட்டமே போடாமல் விட்டுவிடுவது. ஒரு நகரமோ நாடோ இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

அதற்கு முன்னால் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஆடையில்லாத வாழ்க்கைமுறையைக் கடைப்பிடிக்கிறவர்கள் அதை நேச்சுரிசம் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன? சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு 1974-ல் ஒரு வரையறை தந்தது. அதன் சாரம் இது: இயற்கையோடு இசைந்த வாழ்க்கைமுறை, பலர் சேர்ந்து ஆடையில்லாமல் இருப்பது அதன் அடையாளம், தன்மேல் மதிப்பு, பிறர்மேல் மதிப்பு, சுற்றுச்சூழல்மேல் மதிப்பு ஆகியவற்றை வளர்ப்பது அதன் நோக்கம். பாலியல் இதில் கிடையாது. தெருமுனையில் நின்று, வருகிற பெண்ணை அதிரவைப்பதற்காகத் தன் உறுப்பைக் காட்டுகிற ஆளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆளுக்குத் தேவை எதிரில் இருப்பவரின் அதிர்ச்சி. நேச்சுரிஸ்ட்டுக்குத் தேவை, யாரும் தன்னைப் பொருட்படுத்தாமல் இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஆடையில்லாமல்தான் இருக்கிறார்கள், ஆனால் இருவரும் நேர் எதிர்த் துருவங்கள். சட்டம் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த இயக்கம் நேற்று முளைத்ததல்ல. அமைப்பாகச் சேர்ந்தவர்களில் முதலாவதாக அறியப்படுவது 1891-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாதேரான் மலையில் உருவான ஒரு சிறு சங்கம். தொடங்கியவர் தானேயில் நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்ட். மொத்தமே மூன்று உறுப்பினர்கள். 1898-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஒரு சங்கம் வந்தது. 1931-ல் துர்வில் சகோதரர்கள் இருவர் பிரான்சின் லெவான் தீவில் எலியோபோலிஸ் என்ற குடியிருப்பையே அமைத்தார்கள். 1950-ல் ஆல்பெர், கிறிஸ்டின் லெகோக் தம்பதி மோந்தலிவே கடற்கரையில் தொடங்கிய விடுமுறை முகாமுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். சர்வதேசக் கூட்டமைப்பு பிறந்ததும் அங்கேதான், 1953-ல்.

முழுத் தடை

முதல் வழிக்கு நல்ல உதாரணம் சிங்கப்பூர். அங்கே பொது இடத்தில் ஆடையில்லாமல் இருப்பது குற்றம். தனியிடத்தில் இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி இருந்தால் அதுவும் குற்றம். 2,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொந்த வீட்டில் திரையை இழுத்துவிட மறந்தவரும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடலாம்.

இதற்கு ஒரு நல்ல பக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சட்டம் தெளிவாக இருக்கிறது. எது அனுமதி, எது இல்லை என்று யாருக்கும் குழப்பம் வராது. போலீஸ்காரர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தெளிவு எதை விலையாகக் கேட்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணவன் மனைவி தவிர்த்த ஆணும் பெண்ணும் சேர்ந்து நிர்வாண வாழ்க்கைமுறையைக் கடைப்பிடிப்பது அங்கே குற்றம். அதற்காக நிலத்தை வாடகைக்கு விடுவதும் குற்றம். அதை ஆதரித்துப் பரப்புவதுகூடக் குற்றம். உடலைத் தடுக்கப் போன சட்டம் பேச்சையும் சேர்த்துத் தடுக்கிறது. பேச்சுரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமாகவே வைத்திருக்கும் நாட்டில் இது நிற்கிறது என்பது எனக்கு இன்றுவரை வியப்புதான்.

தடை பலிக்கிறதா என்று கேட்டால், ஜெர்மனியின் கதையைச் சொல்வேன். 1933 மார்ச்சில், நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, நிர்வாண இயக்கத்தை ஒழிக்க நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் ஆணை வந்தது. சங்கங்கள் கலைந்தன, சில பெயர் மாற்றிக்கொண்டன, ஆட்கள் மட்டும் குளத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. 1942-ல் அதே அரசு, சம்பந்தமில்லாதவர் கண்ணில் படாத இடமென்றால் ஆடையில்லாமல் குளிக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு 1954-ல் பால்டிக் கடற்கரையில் தடை போட்டுப் பார்த்தது. மக்கள் எதிர்த்தார்கள், மனு எழுதினார்கள். 1956-ல் அனுமதித்து விதி எழுதிவிட்டார்கள். பிறகு அந்த நாட்டில் இது சாதாரணக் குடும்பங்களின் கோடைக்காலப் பழக்கமாகவே ஆகிவிட்டது. இருவேறு சர்வாதிகாரங்களால் அழிக்க முடியாத ஒன்றை ஒரு நகரசபையின் அபராதச் சீட்டு அழித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் தடைக்குப் பின்னால் இருக்கும் உணர்வை எளிதாகத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. 2015-ல் மலேசியாவின் கினபாலு மலை உச்சியில் சில வெளிநாட்டுப் பயணிகள் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நான்கு பேருக்கு மூன்று நாள் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம். அந்த மலை அங்குள்ள கடசான் டூசுன் மக்களுக்குப் புனிதமானது, முன்னோர்களின் ஆன்மா தங்குமிடம். 2021-ல் துபாயில் ஒரு கட்டடத்தின் மாடத்தில் ஒரு கூட்டமே நிர்வாணமாக நின்று படமெடுத்து, கைதாகி, நாடு கடத்தப்பட்டது. இரண்டையும் நான் நேச்சுரிசம் என்று ஏற்க மாட்டேன். அடுத்தவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் அந்த வீட்டின் பூஜையறையில் செருப்போடு நடப்பது சுதந்திரம் ஆகாது. எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இப்படிப்பட்ட இடங்களைக் காக்க அதில் வழி இருக்க வேண்டும்.

இடம் ஒதுக்குவது

இரண்டாவது வழிதான் உலகில் அதிகம் பழக்கத்தில் இருப்பது. 1975-ல் தெற்கு ஆஸ்திரேலியா மஸ்லின் கடற்கரையை ஆடையில்லாமல் குளிக்க அனுமதித்தது. அந்த நாட்டில் அதுதான் முதல் சட்டபூர்வ நிர்வாணக் கடற்கரை. 1980-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் தன் கடற்கரையில் ஒரு பகுதியைக் கொடுத்தது. 1983-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்கென்றே தனிச்சட்டம் இயற்றியது: அரசு அறிவிக்கிற இடத்தில் ஆடையில்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான். மியூனிக் நகரம் 2014-ல் பூங்காவிலும் ஆற்றங்கரையிலுமாக ஆறு இடங்களைக் குறித்துக் கொடுத்தது. பாரிஸ் 2017-ல் வேன்சேன் காட்டில் ஒரு மூலையை ஒதுக்கியது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கடற்கரை அல்ல. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் 2010-ல் திறந்த ஒரு நடைபாதை. சுமார் 18 கிலோமீட்டர் நீளம், ஆடையில்லாமல் நடப்பவர்களுக்கானது, ஆடையோடு நடப்பவர்களும் வரலாம். பாதையில் ஒரு பலகை இருக்கிறது. நிர்வாணமானவர்களைப் பார்க்க விருப்பமில்லையென்றால் இதற்கு மேல் போகாதீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

அந்தப் பலகை செய்கிற வேலையைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இந்த விவாதத்தில் இரண்டு உரிமைகள் மோதுகின்றன. ஒருவர் தன் உடலோடு எப்படி இருக்கலாம் என்பது ஒன்று. இன்னொருவர் எதைப் பார்க்காமல் இருக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதை நேச்சுரிஸ்ட்டுகள் சில சமயம் அற்பமாக நினைக்கிறார்கள், அது தவறு. பார்க்க விரும்பாதவரும் சுதந்திரம்தான் கேட்கிறார். பலகை இருவருக்கும் முன்கூட்டியே தகவல் தருகிறது. அதைத் தாண்டி நடப்பவர் தெரிந்தே நடக்கிறார். அப்புறம் அவர் புகார் சொன்னால் அதில் நியாயம் குறைவு. பலகையே இல்லாத இடத்தில், பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறவர் எதிரில் திடீரென ஒருவர் நிர்வாணமாக வந்து நின்றால், அவருடைய புகாரில் நியாயம் அதிகம்.

சுவிட்சர்லாந்தில் நடந்தது பலகை இல்லாத கதை. அங்கே ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் ஆடையில்லாமல் நடப்பவர்கள் பெருகினார்கள். 2009 ஏப்ரலில் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநில மக்கள் திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி அதைத் தடைசெய்தார்கள். அபராதம் 200 ஃபிராங்க். பக்கத்து மாநிலமான அப்பென்செல் ஆஸர்ரோடனில், சிறு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இருந்த இடத்தையும் ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு மையத்தையும் கடந்து நிர்வாணமாக நடந்த ஒருவருக்கு 100 ஃபிராங்க் அபராதம் போட்டார்கள். 2011-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. ஹார்ட்ஸிலும் மலைதான், இங்கேயும் மலைதான், நடந்தவர்களின் மனநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு இடத்தில் பாதை திறந்தது, இன்னொரு இடத்தில் தடை வந்தது.

ஆனாலும் ஒதுக்கீட்டை அப்படியே தூக்கிப் பிடிக்கவும் முடியாது. ஒதுக்குவது மெல்ல மெல்ல ஒதுக்கிவைப்பதாக மாறிவிடும். கொடுக்கிற இடம் பெரும்பாலும் ஊருக்கு வெகு தொலைவில், கழிப்பறை இல்லாத, பஸ் போகாத மூலையாக இருக்கும். ஆளில்லாத இடம் என்பதால் ஒளிந்து பார்க்கிறவர்களும் கேமராவோடு வருகிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள். அதைக் கண்டு பெண்களும் குடும்பங்களும் வராமல் போவார்கள். பிறகு, இங்கே வெறும் ஆண்கள் கூட்டம்தான் என்று சொல்லி நகரசபை அதையும் மூடப் பார்க்கும். பிரான்சின் கப் தாக்த் இன்னொரு விதம். நேச்சுரிஸ்ட் குடும்பங்களின் ஊராக வளர்ந்த அங்கே, பாலியல் களியாட்டத்துக்காக வருகிறவர்களும் பெருகி, பழைய ஆட்களுக்கும் புதிய ஆட்களுக்கும் நீண்ட நாளாக ஒத்துப்போகவில்லை. வேலி மட்டும் போட்டுவிட்டு உள்ளே என்ன ஒழுங்கு என்று சொல்லாவிட்டால், வேலியின் அர்த்தத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

நோக்கத்தைப் பார்ப்பது

மூன்றாவது வழி சட்டத்தின் கேள்வியையே மாற்றுகிறது. ஆடை இருந்ததா இல்லையா என்று கேட்காமல், எதற்காக அப்படி இருந்தாய் என்று கேட்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-ம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம், ஒருவர் தன் பிறப்புறுப்பைப் பிறர் பார்க்க வேண்டும், பார்த்து அதிர வேண்டும் அல்லது மனம் நோக வேண்டும் என்ற எண்ணத்தோடு வெளிப்படுத்தினால்தான் குற்றம் என்கிறது. அரசு வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டுதலில் நேச்சுரிசத்தைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். பாலியல் சூழலும் இல்லை, அதிரவைக்கும் எண்ணமும் இல்லை, உண்மையில் யாரும் பாதிக்கப்படவும் இல்லை என்றால் பொதுவாக நடவடிக்கை தேவையில்லை என்பது அதன் பொருள்.

ஜெர்மனியிலும் சட்டம் இதே மாதிரிப் பிரிந்திருக்கிறது. பாலியல் வக்கிரத்தோடு உறுப்பைக் காட்டித் தொல்லை தருவது குற்றவியல் சட்டத்தின் 183-வது பிரிவில் வரும், சிறைத்தண்டனை உண்டு. வெறுமனே ஆடையில்லாமல் இருந்து பிறருக்குத் தொந்தரவானால் அது அபராதத்தோடு முடிகிற சின்ன மீறல். நியூசிலாந்தில், காலையில் காட்டுப்பாதையில் ஷூ மட்டும் அணிந்து ஓடிய ஒருவருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2012-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கனடா வேறொரு பூட்டு போட்டு வைத்திருக்கிறது. பொது நிர்வாணம் அங்கே குற்றம்தான், ஆனால் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் சம்மதம் இல்லாமல் வழக்கே தொடர முடியாது. ஒரு காவலரின் கோபம் நேரே வழக்காக மாறிவிடாமல் தடுக்கிற ஏற்பாடு அது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த வழியின் பலவீனம் கஃப் விஷயத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் அவரைச் சிறைக்கு அனுப்பியது பொது அமைதியைக் குலைத்தார் என்ற பழைய, அகலமான குற்றச்சாட்டு. அதில் நோக்கம் ஒரு பொருட்டே இல்லை. இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பொதுவெளியில் ஆடையில்லாமல் வரக்கூடாது என்று அவர் ஒருவருக்காக மட்டும் ஒரு நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். அதை மீறினார் என்று மறுபடி சிறை. ஆக, நோக்கத்தைப் பார்க்கிற நல்ல சட்டம் ஒன்றை முன்வாசலில் வைத்துவிட்டு, பக்கத்தில் அகலமான பழைய சட்டத்தையும் திறந்து வைத்திருந்தால் காவல்துறை பக்கத்து வாசல் வழியாகத்தான் வரும்.

இந்தியச் சட்டத்தை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். பழைய தண்டனைச் சட்டத்தின் 294-வது பிரிவு, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-வது பிரிவு, பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் செயல் செய்வதைத் தண்டிக்கிறது. நிர்வாணம் என்ற சொல்லே அதில் இல்லை. எது ஆபாசம் என்பதை ஒவ்வொரு தடவையும் ஒரு நீதிபதி முடிவு செய்ய வேண்டும். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் நிர்வாணமாக இருந்த ஒரு படத்தை 1993-ல் வெளியிட்ட பத்திரிகை மீதான வழக்கு, 2014-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அப்போதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து வந்த பழைய ஆபாச அளவுகோலைக் கைவிட்டு, இன்றைய சமூகத்தின் பார்வையில் அளக்க வேண்டும் என்றார்கள். 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், நிர்வாணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று தெளிவாகச் சொன்னது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் ஒருவர் குற்றவாளி இல்லை என்று தெரிய இருபது வருடம் ஆகுமென்றால், அந்த வழக்கே தண்டனைதானே?

சும்மா விடுவது

நான்காவது வழியை ஆசையோடு முயன்றது ஸ்பெயின். 1988-ல் பொது ஒழுக்கக்கேடு என்ற குற்றத்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தின் இறுக்கத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த நாட்டுக்கு அது ஒரு பெருமூச்சு மாதிரி. பொதுவெளியில் வெறுமனே ஆடையில்லாமல் இருப்பது நாடு தழுவிய குற்றமாக அதற்குப் பிறகு இல்லை. பார்சிலோனா தெருக்களில் ஆடையில்லாமல் நடக்கவே முடிந்தது.

ஆனால் அது நிலைக்கவில்லை. 2011-ல் பார்சிலோனா நகரசபை தெருவில் நிர்வாணத்தைத் தடைசெய்தது. முழு நிர்வாணத்துக்கு 300 முதல் 500 யூரோ வரை அபராதம் என்று வைத்தார்கள். வேறு ஊர்களும் தங்கள் தங்கள் விதிகளை எழுதிக்கொண்டன. நாட்டின் சட்டம் பேசாமல் இருந்ததால் ஊருக்கு ஊர் விதி மாறியது. அப்படி விதி இல்லாத ஊர்களில் என்ன ஆகும்? வலென்சியா பக்கத்தில் அல்டாயா என்ற ஊரில் ஆடையில்லாமல் நடந்த ஒருவருக்கு அபராதம் போட்டார்கள். அது செல்லாது என்று 2023-ல் வலென்சியா உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த விஷயத்தில் சட்டத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது என்பதையும் நீதிமன்றமே சொன்னது.

சான் ஃபிரான்சிஸ்கோவும் இதே வழியில் போய் இதே இடத்தில் நின்றது. காஸ்ட்ரோ பகுதியில் ஒரு சிறு சதுக்கத்தில் தினமும் சிலர் ஆடையில்லாமல் உட்காரத் தொடங்கினார்கள். முதலில் 2011-ல், பொது இருக்கையில் உட்காரும்போது துணி விரித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் விதி போட்டார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உட்காரும் இடத்தில் துண்டு விரிப்பது நேச்சுரிஸ்ட் முகாம்களில் முதல் பாடம், யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அந்த நாகரிகம் தெருவுக்கு வரும்போது காணாமல் போனதால்தான் சட்டம் அதைச் சொல்ல வேண்டி வந்தது. 2012 நவம்பரில், 6-க்கு 5 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில், நகரசபை முழுத் தடையையே கொண்டுவந்தது. அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

சும்மா விடுவது மிகப் பெரிய சுதந்திரம் மாதிரித் தெரியும். நடைமுறையில் அது மிகவும் பலவீனமானது, ஏனென்றால் அதைக் காப்பாற்ற எந்த எழுத்தும் கிடையாது. நான்கைந்து பேர் எல்லை மீறினால் போதும், அடுத்த தேர்தலுக்குள் தடை வந்துவிடும். அப்படி வரும் தடை, முன்பு இருந்த ஓரிரு மறைவான இடங்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும்.

எடைபோடும்போது மறக்கக் கூடாதவை

பெண்களின் நிலை இதில் தனிக் கணக்கு. 1991-ல் கனடாவின் குவெல்ஃப் நகரில் க்வென் ஜேக்கப் என்ற மாணவி, வெயில் கொளுத்திய ஒரு நாளில், ஆண்கள் செய்வதுபோலவே மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நடந்தார். அவர்மேல் வழக்கு போட்டார்கள். 1996-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிடிக்காதவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது தீர்ப்பில் வந்த ஒரு காரணம். நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றமும் 1992-ல் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தது. பெர்லின் நீச்சல் குளங்களில் பெண்களும் மேலாடையில்லாமல் நீந்தலாம் என்று ஒப்புக்கொள்ள 2023 ஆனது. ஒரே வெயில், ஒரே குளம், இரண்டு விதி. எந்த மாதிரிச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

குழந்தைகளைப் பற்றிய கவலை உண்மையானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது தொல்லையையும் சுரண்டலையும் தண்டிக்கிற சட்டங்கள். அவை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நேச்சுரிஸ்ட் குடும்பங்கள் எதிர்க்கப் போவதில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கு உண்மையான ஆபத்து கைபேசியில்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு கடற்கரையில் ஆடையில்லாமல் இருக்கச் சம்மதித்தது அங்கே இருந்தவர்களுக்கு மட்டும். படம் வெளியே போன நொடியில் அந்தச் சம்மதம் திருடப்படுகிறது. ஆகவே ஒதுக்கிய இடங்களில் அனுமதியில்லாமல் படம் எடுப்பது, ஆடையில்லாமல் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய குற்றமாக இருக்க வேண்டும்.

இதனால் நன்மை ஏதாவது உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். லண்டனில் உளவியல் ஆய்வாளரான கியோன் வெஸ்ட் 2017-ல் வெளியிட்டது. 849 பிரிட்டன் மக்களிடம் கேட்டதில், நேச்சுரிஸ்ட் நிகழ்வுகளில் அதிகம் கலந்துகொண்டவர்கள் தங்கள் உடலைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். ஏற்கெனவே நிறைவாக இருப்பவர்கள்தானே போவார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. அதற்காக நிகழ்வுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார், அப்போதும் முன்னேற்றம் தெரிந்தது. குண்டான, ஒல்லியான, தழும்புள்ள, வயதான உடல்களை நேரில் பார்த்த பிறகு, தன் உடம்பு அப்படியொன்றும் மோசமில்லை என்று ஒருவருக்குத் தோன்றுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் முடிவு, மூன்றாவதையும் இரண்டாவதையும் ஒன்றாகச் சேர்ப்பது. நாட்டின் குற்றச்சட்டத்தில் நோக்கம் மட்டுமே கேள்வியாக இருக்கட்டும். அதிரவைக்கவோ பாலியல் தொல்லை தரவோ செய்தால் சிறை. இல்லையென்றால் குற்றமே இல்லை, பொது அமைதி என்ற பக்கத்து வாசலும் அடைக்கப்பட வேண்டும். அதற்குக் கீழே நகரசபைகள் இடத்தை முடிவு செய்யட்டும். ஒதுக்கிய இடத்தில் தெளிவான பலகை, கழிப்பறை, படம் எடுக்கத் தடை, ஒரு காவலர். ஒதுக்காத இடத்தில், ஆட்கள் கூடும் தெருவிலோ வழிபாட்டுத் தலத்திலோ ஒருவர் ஆடையில்லாமல் இருந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு சிறு அபராதம். ஆளில்லாத காட்டுப்பாதையில் என்றால் கண்டுகொள்ளத் தேவையில்லை.

இப்படி ஒரு சட்டம் அமைய எல்லாச் சமூகமும் தயாராக இருக்காது. முழுத் தடை இருக்கும் நாட்டில் முதல் படி என்னவென்றால், சுவருக்குள்ளே, வேலிக்குள்ளே, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பதைச் சட்டத்திலிருந்து வெளியே எடுப்பது. அதற்குக் கடற்கரை தேவையில்லை, பலகைகூடத் தேவையில்லை. அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிறவரைக் குற்றவாளி என்று சொல்லத் தொடங்கினாலே போதும்.

கஃப் இந்தச் சட்டத்தின் கீழ் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் வெட்டவெளிப் பாதைகளில் யாரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்கள். ஊருக்குள் கடைத்தெருவில் அபராதம் விழுந்திருக்கும். அவர் கட்ட மறுத்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. அந்த மறுப்புக்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. ஆனால் கட்டாத அபராதம் கடனாகவே நிற்கட்டும், எத்தனை முறை சேர்ந்தாலும் அது சிறையாக மாறக் கூடாது என்று ஒரு வரியை மட்டும் சட்டத்தில் சேர்ப்பேன்.